மூன்றாவது கார்டில் ஒரே கோடு

ஆகஸ்ட் 12, செவ்வாய், காலை 11.40. லேப் மேசைமேல் மூன்று டெஸ்ட் கார்டு. முதல் கார்டில் இரண்டு கோடு. இரண்டாவதிலும் இரண்டு, அதில் ஒன்று மங்கல். மூன்றாவதில் ஒரே கோடு. ரத்தம் உன் மனைவியுடையது.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை நான். ஆனால் இந்த ரிசல்ட்டைப் பற்றி வெளியே வாய் திறக்க முடியாது. டாக்டருக்குத் தெரியும், கவுன்சலருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். இனி சொல்வதற்கு மிச்சமிருக்கிற ஆள் நீதான்.

உனக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். எல்லாக் கார்டிலும் ஒரு கோடு வந்தே தீரும். கார்டு வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி. இரண்டாவது கோடு வந்தால், எச்.ஐ.வி. கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள் ரத்தத்தில் இருக்கிறதென்று அர்த்தம். மங்கலாக வந்தாலும் கோடு கோடுதான். மூன்று கார்டும் மூன்று விதமாகச் செய்தவை. மூன்றிலும் அந்தக் கோடு வந்தால்தான் ‘இருக்கிறது’ என்று எழுதுவோம். இவளுக்கு இரண்டு ‘உண்டு’ என்கின்றன, ஒன்று ‘இல்லை’ என்கிறது. கிருமி புதிதாக ஏறியிருந்தால் இப்படி வரலாம். கிருமியே இல்லாமல் வேறு காரணத்தாலும் வரலாம். இரண்டு வாரம் கழித்து, நான்கு வாரத்துக்குள் மறுபடி பார்க்கவேண்டும். அதுவரை ரிப்போர்ட்டில் நான் எழுதக்கூடியது ஒன்றுதான்: முடிவு சொல்ல இயலவில்லை.

இந்தப் பேச்சு உனக்குப் பிடிக்காது. பட்டுக்கடையில் சரக்குப் பார்க்கிறவன் நீ. புடவை வந்ததும் ஓரத்தில் ஓர் இழையை உருவி, தீக்குச்சியில் கொளுத்தி மூக்கருகே கொண்டுபோவாய். முடி கருகிய நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. ஓர் இழை, ஒரு குச்சி, தீர்ப்பு முடிந்தது. நெசவாளர் நிறைந்த பிள்ளையார்பாளையமே உன் மூக்கை நம்பியது. நீயும்தான்.

ஆறு வருஷத்துக்கு முன் ஜரிகை எடுக்க சூரத் போய்வந்து, பத்தாம் நாள் என்னிடம் வந்து நின்றாய். அங்கே நடந்ததைப் பாதி சொன்னாய். மீதியை நான் கேட்கவில்லை. ரத்தம் எடுத்தேன். ஒரே கோடு. இவ்வளவு சீக்கிரம் தெரியாது, மூன்று மாதம் கழித்துக் கட்டாயம் வா என்றேன். சிரித்தாய்.

“டேய் சயின்டிஸ்ட்டு, ஒரே பொடவைய ரெண்டு வாட்டி கொளுத்திப் பாப்பாங்களா? பட்டுன்னா பட்டுதான்டா.”

“பொடவைக்குள்ள எதுவும் வளராது. ஒடம்புக்குள்ள வளரும்டா.”

மூன்று மாதத்தில் போன் செய்தேன். உன் கல்யாணத்துக்கு மாலையோடு வருவாயா ஊசியோடு வருவாயா என்று கேட்டாய். மறுபடி கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. மாலையோடுதான் வந்தேன்.

இந்த வருஷம் இருமல், சளியில் ரத்தம், சட்டை தோளில் நிற்காத உடம்பு. இந்த முறை மூன்று கார்டிலும் இரண்டு கோடு. வார்டில் படுத்துக்கொண்டு கேட்டாயே, “அன்னிக்கு இல்லன்னுதானடா வந்துச்சு?” வந்தது. கார்டு பொய் சொல்லவில்லை. அந்தக் கட்டிலில் கிடப்பவனிடம் இதை எப்படி விளக்குவது? உன் தலையணையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தேன்.

அவளுக்குப் பிரசவத்துக்கு முன் எடுத்ததிலும் இல்லை. நீ வார்டில் கிடந்தபோது எடுத்ததிலும் இல்லை. மறுபடி வரவேண்டும் என்று கவுன்சலர் சொன்னார். இன்று வந்துவிட்டாள். உனக்கு வராத புத்தி அவளுக்கு இருக்கிறது. அதை நினைத்தால்தான் உன்மேல் கோபம் தலைக்கு ஏறுகிறது.

முடிவு தெரியும்வரை பாப்பாவுக்குத் தாய்ப்பால் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். ஏழு மாதக் குழந்தை, மடியில் உட்கார்ந்து புடவையை இழுத்துக்கொண்டே இருந்தது. வாலாஜாபாத்திலிருந்து வந்த அவள் அம்மா, என்ன ஏதென்று தெரியாமல் குழந்தையை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“இருக்குதா இல்லியா, ரெண்டுல ஒன்னு சொல்லுண்ணா.”

“தெரியலம்மா.”

“கார்டு பொய் சொல்லுதா?”

“பொய் சொல்லல. இன்னும் சொல்லி முடிக்கல.”

“அது சொல்லி முடிக்கிற வரைக்கும் பாப்பாகிட்ட நான் இன்னா சொல்றது?”

அவள் மார்புப் பக்கம் புடவை நனைந்திருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். நான் கார்டுகளைப் பார்த்தேன். மூன்றாவதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். பார்க்கவேண்டிய நேரத்தைத் தாண்டிப் பார்க்கக்கூடாது. நேரம் கழிந்து வரும் கோட்டுக்கு மதிப்பில்லை. தெரிந்தும் பார்த்தேன். எந்தப் பதில் வரவேண்டுமென்று பார்த்தேன் என்று என்னைக் கேட்காதே.

இனி செய்யப்போவது:

1. பாப்பாவின் ரத்தத்தை இந்தக் கார்டில் போடமாட்டேன். கிருமி இப்போதுதான் ஏறியிருந்தால் எதிர்ப்புப் பொருள் உண்டாக நாளாகும். ஒரே கோடு வந்தால் அதை நம்பமுடியாது. கிருமியையே தேடுகிற பரிசோதனைக்கு இன்றே அனுப்புகிறேன்.

2. ஆகஸ்ட் 26, அவளுக்கு மறுபடி ரத்தம். வராவிட்டால் போன். எடுக்கும்வரை போன்.

3. உன்னைப்போல் பத்து நாளில் வந்து ‘இல்லை’ என்று கேட்டதும் எழுந்து போகிறவனை மறுபடி நாற்காலியில் உட்காரவைப்பேன். அவன் சிரித்தாலும், திட்டினாலும்.

4. நான் வாங்கிவைத்த பால்பவுடர் டின்னைச் சாயங்காலம் அவள் அம்மாவிடம் கொடுப்பேன். அவளிடம், பாலை வற்றவிடாதே, வேளாவேளைக்குப் பீய்ச்சிக் கொட்டிவிடு என்று சொல்லவேண்டும். கொட்டுறதுக்கு எதுக்குண்ணா என்பாள். இல்லை என்று வந்தால் அன்றைக்கே பாப்பாவுக்குக் கொடுக்கலாம்மா என்று, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும்.