கழுதை கொண்டுபோன முக்காடு

மன்னார்,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகள் மதுஷிகாவுக்கு,

மடு மாதாவின் துணையோடு நான் இருக்கிறேன், நீயும் மருமகனும் அந்தச் சுவிஸ் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு செபத்திலும் கேட்கிறேன். போனில் கதைக்கத் தொடங்கினால் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன், பக்கத்து வீட்டு றெனால்ட் இதைப் படம் பிடித்து அனுப்புவான். அப்பா போன பிறகு பின்னேரங்களில் ரிவியில் ஏதாவது சிரிப்பு நாடகத்தைப் போட்டுவிடுவேன், பார்ப்பதற்கு இல்லை, வீட்டில் நாலு பேர் சிரிக்கும் சத்தம் கேட்கட்டுமே என்று.

நேற்று உன் சிநேகிதி நிறஞ்சலாவின் வீட்டில் அவளுடைய கல்யாணத்துக்குப் பலகாரம் சுட்டார்கள். நீ தோழியாக நிற்க வேண்டிய கல்யாணம், அதனால் எனக்குப் போக மனமில்லை. அவளே வந்து, "அன்ரி, மதுதான் இல்லை, நீங்களும் வராட்டி எனக்கு ஆர் இருக்கினம்?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். போனேன், ஆனால் உள்ளே நுழைந்தபோது படலையைச் சாத்த மறந்துவிட்டேன். முற்றத்தில் பயற்றம் மா பாயில் ஆறிக்கொண்டிருந்தது, மணப்பெண்ணின் வெள்ளை வலைத்துணி முக்காடு கொடியில் தொங்கியது. நாங்கள் அடுப்படியில் கதையும் கொக்கிஸ் பலகாரமுமாக இருக்க, தெருக் கழுதைகள் இரண்டு உள்ளே வந்துவிட்டன. ஒன்று மாவுக்குள் முகத்தைப் புதைத்தது, மற்றதின் கழுத்தில் முக்காடு சிக்கிக்கொள்ள அது வெருண்டு றோட்டுக்கு ஓடியது. பலகாரம் சுட வந்திருந்த அடுத்த தெரு உம்மு ஸல்மா எண்ணெய் அகப்பையோடு துரத்த, எதிரே மோட்டார் சைக்கிளில் வந்தது வேறு யாருமில்லை, மாப்பிள்ளை டொமினிக். "கல்யாணத்துக்கு முன்னம் பொம்பிளையைப் பாக்கக் கூடாது எண்டவை, இப்ப றோட்டிலயே விட்டிட்டினம்" என்றானாம். எல்லோரும் நிலத்தில் குந்தியிருந்து சிரித்தார்கள், நானும் சிரித்தேன் பிள்ளை, எத்தனை மாதத்துக்குப் பிறகு.

மாவைப் பற்றிப் பிரச்சினையில்லை, உம்மு ஸல்மா தன் தெருப் பெண்களைக் கூட்டி வந்து பொழுதுபடுவதற்குள் திரும்ப வறுத்து இடித்துத் தந்தாள். ஆனால் முக்காடு கிழிந்து நாராகிவிட்டது. நிறஞ்சலா சிரித்துக்கொண்டே இருந்தவள், அறைக்குள் போய் அழுதாள். படலையைத் திறந்துவிட்டவள் நான். வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து என்னுடைய கல்யாண முக்காட்டை எடுத்தேன். உனக்கென்று வைத்திருந்தது. நீ அங்கே பதிவுத் திருமணம் செய்து படம் அனுப்பிய நாளில் மடித்து வைத்தது, பிறகு தொடவில்லை. உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன், கோபிக்காதே. அவள் வாங்க மறுத்தாள், "இது மதுவின்ர, எனக்கு வேண்டாம்" என்றாள். நான்தான் தலையில் போட்டுவிட்டேன். முதுகுப் பக்கம் நின்று பார்க்க, அவளும் உன் உயரம்தான்.

திரும்ப வீட்டுக்கு வந்து இதை யாரிடம் சொல்வது என்று கதிரையில் வெகுநேரம் இருந்தேன்.

நீ அனுப்பிய மருந்துக் குளிசைகளை ஒழுங்காகப் போடுகிறேன். நீ சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். புதன்கிழமை கல்யாணம், எங்கள் நேரம் பத்து மணிக்கு நிறஞ்சலாவுக்கு முக்காடு குத்தப் போவது நான். அப்போது அங்கே விடியற்காலையாக இருக்கும். வீடியோவில் வா மகளே, ஊசி குத்தி முடியும்வரைக்குமாவது போனை வைத்துவிடாதே.

உன்னை நினைத்தபடி,
அம்மா எடித்