பூசையில் இருந்த தையல் மெஷின்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுப் பூனை நேற்றுக் காலை முதல் தையல் மெஷின்மேல் ஏறிப் படுத்துத் தன் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அன்புள்ள ஜெயந்தினி அக்காவுக்கு, அம்மா மெஷினை மிதித்துக்கொண்டே சொல்ல, தம்பி விஜிதரன் எழுதுவது. பிழை இருந்தால் அம்மாவுடையது, அழகு என்னுடையது. நாங்கள் இருவரும் சுகம். ஜோர்தானில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க முருகன் துணை.

ஆமாம், மெஷின் வந்துவிட்டது! விவாகரத்துத் தீர்ப்பில் ஆட்டோ அப்பாவுக்கு, மெஷின் அம்மாவுக்கு என்று பிரித்தது உனக்குத் தெரியும். அப்பா அப்பீல் போட்டுவிட்டு, "அது முடியிற வரைக்கும் ஒரு ஊசியும் நகராது" என்று நோர்வூட் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். அதற்கு வருஷக்கணக்காகும், ஸ்கூல் யூனிபோர்ம் தையலெல்லாம் கைவிட்டுப் போய்விடுமே என்று அம்மாவுக்கு ஒரே கவலை. அப்பீல் போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது என்று சொல்லி, நிறைவேற்றித் தரும்படி மனுப் போட்டவர் நம் பக்கம் வாதாடிய ஷெரோமி லோயர் மிஸ். அப்பாவோ, "நான் தெனமும் அதுலதான் தைச்சுப் பொழைக்கிறேன்" என்று கோர்ட்டில் சொன்னார். ஜட்ஜ் இரண்டு பக்கமும் கேட்டு, விற்கக்கூடாது, அப்பீலில் தோற்றால் திருப்பித் தரவேண்டும் என்று அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மெஷினைக் கொடுக்கும்படி உத்தரவு போட்டார்.

கோர்ட்டிலிருந்து சிங்கள ஐயா ஒருவர் எங்களைக் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போன நாள் சரஸ்வதி பூசை. போய்ப் பார்த்தால் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை! "பூசையில வச்சதத் தொடக்கூடாது, பூசைய முடிச்சு தொழில் தொடங்கினாத்தான் தூக்கலாம்" என்று அப்பா கைகட்டி நின்றார். சாமி காரியம் என்றதும் அம்மாவும் பின்வாங்கிவிட்டார். அப்போதுதான் நான், "அப்ப இப்பவே முடிச்சிருவோம்ப்பா, தெனமும் தைக்கிறவரு நீங்கதானே, ஒரு தையல் போட்டுத் தொடங்கி வைங்க" என்றேன். ஐயாவுக்குச் சிங்களத்திலும் சொல்லிவைத்தேன். கற்பூரம் காட்டி அப்பா உட்கார்ந்தார். நூலை எச்சில் தொட்டார், கண்ணைச் சுருக்கினார், நாக்கைக் கடித்தார், நூல் ஊசிக்குள் போகவேயில்லை. ஐயா சிரிப்பை அடக்க ஃபைலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அம்மா "எந்திரிங்க" என்று ஒரே சொல்தான் சொன்னார். ஒரே தரத்தில் நூல் கோத்து, ஐயாவின் பையில் அறுந்திருந்த வாரையும் தைத்துக் கொடுத்தார். தொழில் தொடங்கியாச்சு! அப்பா அப்பீல் போட்டார், அம்மா தையல் போட்டார். பிறகு ஆட்டோவில் ஏற்றி வந்து, நம் தோட்டத்து லயத்து வீட்டுக்கான நாற்பத்திரண்டு படியும் நான் ஒருவனாகவே தூக்கி வந்தேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அங்கே வேலைக்குத் திரும்பும் நிஷாந்தி கையில் வரும் உன் சட்டை, மெஷின் வந்தபின் தைத்த முதல் சட்டை, கழுத்து அளவு சரியா என்று நீ சொல்லணுமாம். உடுப்புத் தைக்கும் ஆலையில் ஊசிக்குக் கிட்டே விரலைக் கொண்டுபோகாதே. அப்பாவோடும் போனில் பேசு, வழக்கு எங்கள் இருவருக்கும்தான், பிள்ளைகளுக்கு இல்லை என்கிறார் அம்மா. நீ நினைத்ததெல்லாம் கைகூடி நல்லாயிருக்கணும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா மீனம்மா
(கையெழுத்து மட்டும் விஜிதரன்)

பி.கு.: அம்மா இதை வாசித்துவிட்டு, "நெசத்தையும் எழுதுடா" என்று காதைத் திருகிவிட்டார். அந்த ஆட்டோ அப்பாவுடையது. ஆறாம் படியிலேயே நான் உட்கார்ந்துவிட்டேன். மிச்சம் முப்பத்தாறு படியும் மெஷினைத் தோளில் சுமந்து வந்து வாசலில் இறக்கியது அப்பாதான். அம்மா கொடுத்த தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டு, "அப்பீல் அப்பீல்தான்" என்று சொல்லி இறங்கிப் போனார்.