மூன்றாவது வெளிநாட்டுக்காரன்

9 ஜனவரி 1996, செவ்வாய்

மூடுபனி. ஓஸ்டர்முண்டிகனில் பஸ்ஸுக்கு நின்றதில் காது இரண்டும் விறைப்பு. பால், கோப்பி, மகளுக்குக் கையுறை. மறக்கக் கூடாது.

ஐஸ் ஹொக்கி ஹாலில் முதலில் ரெஸ்டோரண்ட் குசினியில் கோப்பை கழுவல், பிறகு விளையாட்டுக்காரர் உடுப்பு மாற்றும் அறையில் துப்புரவு. அணியின் கனடாக்காரர் இருவரும் புகையிலையை வாய்க்குள் அதக்கி வைத்து, காகிதக் கோப்பைக்குள் துப்பி, குந்தியிருக்கும் வாங்குக்குக் கீழே அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். இன்று ஒன்று சரிந்து என் சப்பாத்தில். மாஸ்கோவில் ஸ்கொலர்ஷிப்பில் எஞ்சினியரிங் படித்தது இதற்குத்தான். தூ.

கிளப் மனேஜர் கூப்பிட்டார். எனக்கு ரஷ்யன் தெரியும் என்று யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். புதிதாக வந்த ரஷ்யப் பொடியனுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டுமாம். குசினி வேலை குறையாதாம்.

10, புதன்

பொடியன் பெயர் மீஷா. வயது பதினேழு. யூரல் பக்கம் ஏதோ இரும்பாலை நகரம். தகப்பன் இல்லை, தாய் பள்ளிக்கூடத்தில் சமையல். ரெஸ்டோரண்டுக்கு மேலே ஒரு அறையில் தனியாக விட்டிருக்கிறார்கள். நான் ரஷ்யனில் வாய் திறந்ததும் கையைப் பிடித்தவன் விடவேயில்லை. வந்த நாள் முதல் யாருடனும் ஒரு முழு வசனம் கதைக்கவில்லையாம். என்னை ‘தியாதியா’ என்கிறான். நாங்கள் மாமா என்கிற மாதிரி.

பயிற்சியில் பார்த்தேன். என்ன ஓட்டம்! கனடாக்காரர் இருவரும் அவனுக்குப் பக்கத்தில் அலுமாரி நகர்த்துகிறவர்கள் போல.

ஆனால் ஆட்டத்தில் ஆள் இல்லை. எங்கள் லீக்கில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு வெளிநாட்டுக்காரர்தான் இறங்கலாம். இரண்டு இடமும் கனடாவுக்கு. மீஷா மூன்றாவது. அந்த இருவரில் ஒருவன் காலை முறித்துக்கொண்டால்தான் இவனுக்கு இடம். எவன் கால் எப்போது முறியும் என்று பார்த்தபடி ஒரு பிள்ளை குந்தியிருக்க வேண்டும். இதற்குப் பெயர் வளர்ச்சியாம்.

ஜூனியர் அணியிலாவது விடலாமே என்று மனேஜரைக் கேட்டேன்.

“அந்த இடங்கள் இங்கத்தைப் பிள்ளையளுக்கு. தாய் தகப்பன் கோவிப்பினம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

13, சனி

ஆட்டம். தோல்வி. ஹால் முழுக்க பியரும் உருகின சீஸும் நாறுகிறது. மீஷா மேலே, ஆட்டம் பார்க்கிறவர்கள் இருக்கும் படியில், கோட்டுப் போட்டுக்கொண்டு.

அவனைக் கொண்டுவந்த ஏஜென்ட் வந்தான். மாஸ்கோக்காரன், இப்போது சூரிச்சில். நீளத் தோல் கோட்டு, மூக்கை அடைக்கும் சென்ட். எங்களை எல்லை கடத்திக் கொண்டுவந்தவன்களை நாங்கள் ஏஜென்சிக்காரன் என்போம். இவனுக்கும் அந்தப் பெயர் அளவாகத்தான் இருக்கிறது. மனேஜருக்கு முன்னாலேயே பொடியனின் தொடையை அமுக்கிக் காட்டினான். மாட்டுச் சந்தையில்கூட முதலில் முதுகைத் தடவிக் கொடுப்பார்கள்.

“இஞ்சை இருந்தால்தான் அமெரிக்கன் கிளப்காரர் காணுவாங்கள்” என்றான் என்னிடம். “ரஷ்யாவுக்குள்ளை கிடந்தால் ஆர் போய்ப் பாக்கிறது?”

“விளையாடாமல் கதிரையிலை இருக்கிறவனை என்னெண்டு காணுறது?”

“நீர் போய்க் கோப்பையைக் கழுவும்.”

போய்க் கழுவினேன்.

15, திங்கள்

பொங்கல். கரண்ட் அடுப்பில்தான். பொங்கி வழிந்து தட்டுக் கருகி, மனைவி கலா சுரண்டிக்கொண்டே ஏச்சு. அவள் தம்பி தவம் ஷ்லீரனிலிருந்து வந்தான், தொழிற்சாலைக்கு லீவு போட்டு. மீஷாவையும் கூட்டிவந்தேன். சர்க்கரைப் பொங்கலுக்கு உப்புக் கேட்டான். மகளுக்கு அடக்க முடியாத சிரிப்பு.

பொடியன் இங்கே இருப்பதா, வீட்டுக்குப் போவதா என்று கதை தொடங்கிவிட்டது. அவனுக்குத் தமிழ் விளங்காது என்ற தைரியத்தில் அவனுக்கு முன்னாலேயே.

தவம்: “விசரே அத்தான்? வெளியிலை வந்தவன் ஏன் திரும்பிப் போவான்? இது ஒரு பஸ் ஸ்டாண்ட். அங்காலை கனடா. எங்கடை பொடியள் எத்தினை பேர் இஞ்சை இறங்கி அங்கை ஏறினவங்கள்.”

கலா: “விளையாட வந்த பிள்ளை விளையாட வேணும். சும்மா இருக்கிறதுக்கு ஏன் இவ்வளவு தூரம்?”

நான் கண்டதைச் சொன்னேன். மாஸ்கோவில் மாரி வந்தால் ஃபிளாட் முற்றங்களில் தண்ணீரை ஊற்றி உறையவிட்டு, இருட்டும்வரை பிள்ளைகள். ஐந்து ஐந்து பேராகச் சேர்த்து, சின்ன வயதிலிருந்து ஒன்றாகவே வளர்ப்பார்கள். யார் எங்கே நிற்பான் என்று பார்க்காமலே அடிப்பார்கள். அதில் ஒருவனைப் பிடுங்கினால் பிடுங்கப்பட்டவனும் பாழ், மிச்சம் நாலு பேரும் பாழ்.

“அங்கை சம்பளமும் இல்லை. பதினெட்டு வந்தால் ஆமிக்கு இழுத்துச் செச்னியாவுக்கு அனுப்புறாங்கள். அதைச் சொல்லுங்கோவன்” என்றான் தவம்.

அதுவும் உண்மை. கோதாரி, அவன் சொல்வதும் உண்மைதான்.

திரும்பக் கொண்டுபோய் விடும் வழியில் மீஷாவே சொன்னான். ஊரில் அவனுடைய பழைய கோச் இந்த மாதக் கடைசிவரை ஓர் இடம் வைத்திருக்கிறாராம். அணியில் இருந்தால் ஆமியும் பேருக்குத்தான். ஆமியின் விளையாட்டுப் பிரிவில் பெயரைப் பதிந்துவிட்டு ஐஸில் நிற்கலாம். அணி இல்லாமல் திரும்பினால் துவக்கும் செச்னியாவும். ஏப்ரலில் பதினெட்டு.

“நான் யோசிக்கிறன், தியாதியா. அம்மாவிட்டை இன்னும் சொல்லேல்லை.”

தாய்க்கு அவன் இங்கே கதிரையில் இருப்பதே தெரியாது. பதினெட்டு வரும்வரை அவள் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது.

18, வியாழன்

பல்லு வலி. கராம்பு வைத்தேன். மகளின் ரீச்சர் கூப்பிட்டிருக்கிறா, என்னத்துக்கோ தெரியாது. ஹாலில் விசேஷமில்லை. கோப்பை, துப்பல், கோப்பை.

20, சனி

எழுதவே கை கூசுகிறது.

இடைவேளையில் கிளப்பின் சின்னமான மலையாட்டு வேஷக்காரன் ஐஸில் இறங்கிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் எறிவது வழக்கம். பஞ்சு உடுப்பு, பெரிய கொம்பு. வழமையாக அதற்குள் போகிற ஆளுக்குக் காய்ச்சல். மனேஜர் மீஷாவைக் காட்டினார். “அவன் சும்மாதானே இருக்கிறான்.” அதை மொழிபெயர்க்க வேண்டியவன் நான். மொழிபெயர்த்தேன்.

பொடியன் உடுப்புக்குள் ஏறினான். ஏஜென்சிக்காரன் மேலே நின்று விழுந்து விழுந்து சிரிக்கிறான். ஆட்டுத் தலையை மாட்டிக்கொண்டும் அவன் பின்பக்கமாக ஓடின ஓட்டத்தைப் பார்த்துச் சனம் எழும்பி நின்று கைதட்டியது. இந்த ஊரில் அவனுக்குக் கிடைத்த முதல் கைதட்டு. அருவருப்பு, அருவருப்பு.

அந்த நேரம் பார்த்துக் குசினி ரெலிபோன் அடித்தது. மீஷாவின் தாய், தபால் கந்தோரிலிருந்து. அவனைக் கூப்பிட முடியாது, அவன் ஆட்டுக்குள்.

“என்ரை பிள்ளை விளையாடுறானோ?”

“ஓம், நல்லா விளையாடுறான். முதல் வரிசையிலை. இப்பவும் சனம் கைதட்டுது, கேக்குதோ? ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.”

வாய் தானாகச் சொன்னது. ஊருக்குப் போன் எடுத்தால் நாங்கள் எல்லாரும் சொல்வதுதான். நல்ல வேலை, நல்ல அறை, குளிர் பழகிவிட்டது. நான் இங்கே எஞ்சினியர் என்றுதான் அம்மா இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறா. ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு வேறு எப்படிப் பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அந்த மனுசி அழுதுவிட்டா. சந்தோஷத்தில்.

21, ஞாயிறு

கலாவிடம் சொன்னேன். புட்டுக் குழலைக் கீழே வைத்துவிட்டாள்.

“அந்தப் பிள்ளை வீட்டை போகலாமோ எண்டு யோசிச்சுக்கொண்டிருக்குது. நீங்கள் தாயிட்டை இப்பிடிச் சொன்னால்?”

“ஒரு ஆறுதலுக்குச் சொன்னனான்.”

“ஆருக்கு ஆறுதல்?”

எரிந்து விழுந்தேன் அவள் மேல். பிறகு பல்கனியில் நின்று சிகரெட்.

26, வெள்ளி

ஏஜென்சிக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு குசினிக்குள்ளேயே வந்துவிட்டான். மீஷாவுக்குப் புது ஒப்பந்தம், இன்னும் இரண்டு வருஷம். தாயின் கையெழுத்து ஃபேக்ஸில் வந்துவிட்டதாம். “மனுசி ஒண்டும் கேக்கேல்லை. மகன் முதல் வரிசையிலை ஆடுறானாம் எண்டு சந்தோசமாப் போட்டுத் தந்தவ. ஆர் சொன்னதோ, நல்லாயிருக்கட்டும்.” என் தோளில் தட்டினான். அந்தச் சென்ட் இன்னும் சேட்டில் நாறுகிறது. இரண்டு தரம் தோய்த்தாயிற்று.

மனேஜருக்கும் திருப்தி. இடத்தைப் பிடிக்க ஒருவன் காத்திருக்கிறான் என்று கனடாக்காரருக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கட்டும், மலிவான பயமாகவும் இருக்கட்டும் என்று அவருடைய கணக்கு.

ஒப்பந்தத்தையும் தாயிடம் நான் சொன்னதையும் மீஷாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டும்.

27, சனி

சொல்லவில்லை.

29, திங்கள்

மழையும் பனியும் கலந்து, சேறு. புது ஒப்பந்தம் பற்றித் தெரியாமல் மீஷா தானாகவே முடிவெடுத்துவிட்டான். “வீட்டை போறன். இஞ்சை இருந்தால் விளையாட்டே மறந்துபோகும் எனக்கு.” கோச்சோடு கதைக்கப் பயமாக இருக்கிறதாம், பக்கத்தில் நிற்கச் சொன்னான். பின்னேரம் தபால் கந்தோர் ரெலிபோன் பெட்டிக்குள் இரண்டு பேரும் நெருக்கியடித்து நின்றோம். ரிசீவரிலிருந்து கோச்சின் குரல் எனக்கும் கேட்டது. கரகரத்த, நல்ல மனுசனின் குரல்.

“உன்ரை இடமோ? அதைப் போன கிழமை குடுத்திட்டன், மகனே. அம்மா வந்து சொன்னவ, நீ அங்கை முதல் வரிசையிலை ஆடுறியாம், இனி வரமாட்டியாம். எனக்கும் பெருமையாய் இருந்தது. அந்த இடத்துக்கு வந்த பொடியனுக்கும் ஆமிக்குக் கடிதம் வந்திட்டுது. விளையாட்டுப் பிரிவிலை அவன்ரை பேரைப் பதிஞ்சாச்சு.”

மீஷா ரிசீவரை வைத்தான்.

“அம்மாவுக்கு ஆர் சொன்னது?”

“நான்தான்.”

ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலோ அடித்திருந்தாலோ நன்றாக இருந்திருக்கும். பஸ்ஸில் எனக்கு எதிரில் இருந்து கண்ணாடியில் விரலால் கோடு கீறிக்கொண்டே வந்தான்.

ஏஜென்சிக்காரன் தொடையைத்தான் அமுக்கினான். நான் செய்தது என்ன? கலா சாப்பாடு வைத்தாள். வேண்டாம் என்றேன்.

31, புதன்

வெயில். பயிற்சி முடிந்து மீஷா குசினிக்கு வந்தான். சூப் கொடுத்தேன். குடித்தான்.

ரெலிபோன். தாய். கோயிலில் எனக்காக மெழுகுதிரி கொளுத்தினாவாம். “அவன் சுகமோ? விளையாடுறானோ?” இந்த முறை உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். திறந்தேன், சத்தியமாக. மீஷா எழும்பி வந்து என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினான்.

“ஓம், அம்மா. முதல் வரிசைதான். நேற்றும் ஒரு கோல் போட்டனான். நல்லாச் சாப்பிடுறன். இல்லை, குளிர் இல்லை, பழகிட்டுது. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.”

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“சரியாச் சொன்னனானோ, தியாதியா?”

ஓம் என்றேன்.