தீர்மானம் தோற்றது

புதன்கிழமை, இரவு

ஜெயித்துவிட்டோம். வரலாற்று, கலைக் குழுக்களுக்கென்று தனியாக ஒதுக்கியிருக்கும் நிதியைச் சாலை வேலைக்கு மாற்றும் தீர்மானம் இன்று தோற்றுப்போனது. படுத்தேன், தூக்கம் வரவில்லை.

ராயபுரத்தில் நடந்த மாநகராட்சி வார்டு கமிட்டிக் கூட்டத்தில் எங்கள் வரலாற்றுக் குழுவுக்காக நான்தான் பேச வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் எழுதி எடுத்துப்போயிருந்தேன். "பழைய போட்டோ சேர்க்கிறதால யாருக்கு என்ன லாபம்?" என்று ஓர் உறுப்பினர் கேட்டதும் பலர் சிரித்தார்கள். நான் பதிலைத் தேடித் தாள்களைப் புரட்டினேன்.

பின்வரிசையிலிருந்து மீன் விற்கும் மல்லிகா எழுந்தாள்.

"இன்னா நைனா இப்டி கேட்டுட்ட? எங்க குப்பத்தக் காலி பண்ண வந்தப்போ, நாங்க இங்கதான் பொறந்து வளந்தோம்னு காட்ட எங்க கையில இன்னா இருந்துச்சு? தோ நிக்கிற நஸ்ரீன் அக்கா குழு சேத்து வெச்ச போட்டோதான். அதக் காட்டித்தான் வூட்டக் காப்பாத்திக்கினோம். ரோடு போடு, வாணாங்கல. அதுக்கு வேற துட்டு கீது. இதுக்குக் கீறது இந்தத் துட்டு ஒண்ணுதான்."

அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்று தலைவர் சொன்னபோது, கேள்வி கேட்டவரே தூக்கவில்லை.

வெளியே வந்து மல்லிகாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். "இன்னாத்துக்குக்கா அழுவுற? ஜெயிச்சிட்டு கீறோம்" என்றாள்.

அடுத்த ஆண்டும் யாராவது இதில் கை வைக்கப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

திரும்பும்போது ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் மல்லிகாவுக்கும் எனக்கும் தலை இடித்தது. சாலையும் வேண்டியதுதான். நாளைக்கு அதற்கும் ஒரு மனு எழுதப்போகிறேன். முதல் கையெழுத்து தன்னுடையது என்று மல்லிகா சொல்லிவிட்டாள்.