ஏழாம் தேதிகளில் நீ வந்துபோனாய்

நேற்று பழங்காநத்தத்தில் வண்டிக்குப் பஞ்சர் ஒட்ட நின்றேன். கடைக்காரர் டியூபைச் சூடுவைத்து அழுத்தியதும் வெந்த ரப்பர் வாசம் எழுந்தது. சட்டென்று திரும்பிப் பார்த்தேன். கப்பலூர் ரப்பர் கம்பெனியில் வேலை முடித்து வரும்போது உன் சட்டையில் அடிக்கும் அதே வாசம். பின்னால் யாருமில்லை. ஆனால் யாரோ பக்கத்தில் நின்று பேசிவிட்டுப் போனது போல வலது காது மட்டும் சூடாக இருந்தது.

நீ பிரஸ் செக்‌ஷன், நான் டெஸ்பாட்ச். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டு. யாரோ சொன்னார்கள் என்று ஒரே ஒரு கம்பெனியின் பங்கை வாங்கி, அது படுத்துப்போன பிறகு, மூன்று மாதம் நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. பிறகு ஒருநாள் செய்தித்தாளின் வணிகப் பக்கத்தை மடித்துக்கொண்டு வந்தாய். எந்தக் கம்பெனி நல்லது என்று பொறுக்காமல், சந்தையின் பெரிய கம்பெனிகள் எல்லாவற்றையும் அதனதன் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிப்போடும் இண்டெக்ஸ் ஃபண்டைப் பற்றிய கட்டுரை அது.

"ஒரு கம்பெனி படுக்கும் மாப்ள. அம்புட்டும் சேந்து படுக்குமா?"

"நாடே படுத்துட்டா?" என்று கேட்டேன்.

திருநகர் தாண்டிய பிறகு, "அப்ப ஒலகத்தையே வாங்கிரணும்" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம்.

கே.கே. நகரில் மாடியில் ஆபீஸ் வைத்திருந்த ஃபண்ட் ஏஜென்டிடம் போனோம். அவர் வேறு ஒரு ஃபண்டை நீட்டி, "போன வருஷம் இதுதான் சார் டாப்பு" என்றார். நீ விடவில்லை. "போன வருஷத்த நாங்க வாங்க முடியாதுல்ல? வருஷத்துக்குச் செலவுன்னு எம்புட்டுப் பிடிப்பாக, அதச் சொல்லுங்க." வெளிநாட்டுச் சந்தைகளுக்கென்று அன்றைக்கு நமக்குக் கிடைத்ததே ஒன்றிரண்டுதான். டாலர் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்று பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுக்கொண்டு, இந்தியாவுக்கு ஐநூறு, உலகத்துக்கு ஐநூறு என்று ஆளுக்கொரு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டோம். மாதாமாதம் ஏழாம் தேதி பேங்கிலிருந்து தானாகப் போய்விடும். "வீட்ல இப்பச் சொல்ல வேணாம். நல்லா சேந்த பெறகு சொல்லிக்கலாம்" என்றாய்.

எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். அதில் உனக்கு எண்களை மட்டும் சொல்லித் தந்தேன். சூப்பர்வைசருக்குப் புரியாமல் சந்தை நிலவரம் பேச அது போதுமாக இருந்தது.

அடுத்த வருஷம், ஒரு சாயங்காலம், பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தாய். டபுள் ஷிஃப்ட் அசதி என்று நினைத்தேன். உன்னை எழுப்பிவிடக் கூடாதென்று தோளை அசைக்காமல் ஆரப்பாளையம் வரைக்கும் உட்கார்ந்து வந்தேன். டிரைவர் வந்து உன்னைத் தொட்டு எழுப்பிய பிறகுதான் நீ இல்லை என்று தெரிந்தது. எந்த இடத்திலிருந்து நான் தனியாக வந்தேன் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதே வருஷம் உலகத்துச் சந்தையெல்லாம் சரிந்தது. தினமும் பேப்பரைப் பிரிக்கவே பயம். நான் என்னுடையதை விற்றுவிட்டு, மாதத் தவணையையும் நிறுத்தினேன். உன்னுடையது நின்றதா என்று நினைத்தே பார்க்கவில்லை.

நீ போன நாலாவது மாதம் உன் மனைவி போன் செய்தாள். "அண்ணே, ஒருக்கா வந்துட்டுப் போங்க. வெளிய சொல்ல முடியாது." பரவைக்குப் போனேன். பின்மதிய நேரம். உன் மகள் இன்னும் பள்ளிக்கூடம் விட்டு வரவில்லை. வெயில் அடித்தும் உன் வீட்டுக் கூடம் சில்லென்றிருந்தது.

"அவுக வாராக அண்ணே" என்றாள்.

நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"மாசம் ஒருக்கா. ஏழாம் தேதி விடியக்காலம் அவுக குரல் கேக்குது. 'சாத்து, சாத்து'ங்குறாக. கதவத்தான் சாத்தச் சொல்றாகன்னு எந்திரிச்சுப் போனா, கதவு சாத்தித்தான் இருக்கு. மறுநா பேங்குல கேட்டா ஆயிரம் ரூவா கொறஞ்சிருக்கு. மாசம் தவறல."

பணம் போவது எனக்குப் புரிந்துவிட்டது. உங்கள் இருவர் பேரிலும் இருந்த கணக்கு. கம்பெனி கொடுத்த பணமும் அதில்தான் கிடந்தது. இறந்துபோனதை யாரும் தெரிவிக்காததால் நீ ஏழாம் தேதி தவறாமல் உலகத்தை வாங்கிக்கொண்டிருந்தாய். ஆனால் 'சாத்' என்றால் எங்கள் பாஷையில் ஏழு. அது அவளுக்குத் தெரியாது. நீ எண்கள் படித்ததே தெரியாது.

"நிப்பாட்ட வழி இருக்கும்மா" என்று தொடங்கினேன்.

"வேணாண்ணே. எம்புட்டு வேணா எடுத்துக்கிறட்டும். வந்தாப் போதும்."

சொல்லாமல் திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் ஐந்து ஏழாம் தேதிகள். ஒவ்வொன்றிலும் விடியுமுன் விழித்துக்கொண்டு, பரவையில் அவள் எழுந்து நடப்பதை நினைத்தபடி படுத்திருப்பேன். கணக்கில் பணம் கரைந்து, மகளின் பள்ளிக்கூடச் செலவுக்கே இழுபறி என்று கேள்விப்பட்ட பிறகு, இனித் தாங்காது என்று போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாரம், கையெழுத்து, சௌராஷ்டிர ஏழு, எல்லாம்.

அவள் அழவில்லை. "அப்ப அவுக வரலையா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியலம்மா. பணத்துக்கு மட்டுந்தான் என்கிட்ட பதில் இருக்கு."

நாமினி என்று அவள் பெயரைத்தான் போட்டிருந்தாய். இறப்புச் சான்றிதழ் கொடுத்து, தவணையை நிறுத்தி, அவள் பேருக்கு மாற்றினோம். பயந்து நான் ஒதுங்கிய மாதங்களிலெல்லாம் நீ மலிவாக வாங்கிக் குவித்திருந்தாய். சந்தை எழுந்தபோது அது நன்றாகவே எழுந்தது. உன் மகளின் படிப்புக்கு அது கைகொடுத்தது. என்னுடையதில் நட்டம் மட்டும் மிஞ்சியது. அதன் பிறகு மறுபடி தொடங்கினேன். எவ்வளவு விழுந்தாலும் நிறுத்துவதில்லை.

மாற்றிய பிறகு குரல் கேட்கவே இல்லை என்று உன் மனைவி ஒருமுறை சொன்னாள். நிம்மதி என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் அவள் எனக்குப் போன் செய்வதும் குறைந்துவிட்டது.

என் பணம் எந்தெந்த ஃபண்டில், எந்தத் தேதியில் போகிறது என்று ஒரு தாளில் எழுதி என் மனைவியிடம் கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள். நான் இல்லாத மாதங்களில் அவள் எதையும் நினைத்துக் குழம்ப வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்குப் பரவையில் 'அவுக வரலையா' என்று கேட்டபோது உன் மனைவியின் முகம் இருந்த இருப்பைப் பார்த்தவன் நான். உன்னை இரண்டாவது முறை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு போனது நான்தானோ என்று தோன்றாத நாளில்லை.