குதிகாலை உதைத்தது யார்

எல்மினா,
வியாழக்கிழமை.

அன்புள்ள மகன் எசுமானுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்றுதான் பேனா தானாகப் போனது, அடித்துவிட்டேன், மேலே கிறுக்கியிருப்பது அதுதான். இங்கு யாவரும் நலமில்லை. நீயும் அங்கே நலமில்லை என்பது எனக்குத் தெரியும், உன் தங்கை அராபா சொல்லிவிட்டாள், அவளைத் திட்டினாயோ தெரியும் சேதி. இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னேனே, டாக்டரைப் பார் என்று ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் சொன்னேனே. நீ என்னை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டே "சரிம்மா, சரிம்மா" என்றாய், கத்தி பலகையில் படுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கடிதத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டு படிக்க முடியாது. டான்சோ மகள் அட்ஜோவா நாளைக்கு ஹாம்பர்க் போகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன், நீ கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்காமல் அவள் உன் அறையை விட்டு நகரமாட்டாள், அவளுக்கு ஒரு நாற்காலி போடு.

அப்பா கால் விஷயத்தில் உனக்குப் பாதிதான் தெரியும். கரைவலை இழுக்கும்போது விழுந்துவிட்டார் என்று சொல்லி வைத்தோம், நீயும் "பாத்து இழுக்கச் சொல்லும்மா" என்று புத்தி சொன்னாய். முழுவதும் கேள். அன்றைக்கு வலை கனம், இருபது பேர் கயிற்றில் இருந்தார்கள், அப்பா வழக்கம் போல முதல் ஆளாகத் தண்ணீர் ஓரத்தில் நின்று பின்பக்கம் சாய்ந்து இழுக்கிறார், அவருக்கு நேர் பின்னால் உன் அபாகா அத்தான். நான் மீன் சுடுகிற அடுப்பண்டை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பட்டென்று ஒரு சத்தம், காய்ந்த குச்சி முறிகிற மாதிரி, அத்தனை பேர் பாட்டுக்கு நடுவிலும் கேட்டது. உன் அப்பா கயிற்றை விட்டுவிட்டு மணலில் விழுந்தார், விழுந்தவர் வலிக்கு அழவில்லை, திரும்பி அபாகாவைப் பார்த்து "ஏன்டா என் குதிகால்ல ஒதைச்ச?" என்று கத்தினார். அவன் முகம் செத்துப்போனது. "மாமா, நான் தொடவே இல்ல மாமா, ரெண்டு கையும் கயித்துல இருக்கு பாருங்க" என்றான். "கையால யாருடா ஒதைப்பான்?" என்று இவர் மறுபடியும் கத்தினார், நாலு பேர் சிரித்தார்கள், மற்றவர்கள் சிரிக்கவில்லை.

ஏன் சிரிக்கவில்லை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வலையும் படகும் அப்பாவுக்குப் பிறகு உனக்கில்லை, அவருடைய அக்காள் மகனான அபாகாவுக்குத்தான் என்பது நம் வழக்கம், ஊருக்கே தெரியும். மாமன் நடமாட முடியாமல் போனால் கயிற்றின் முதல் இடம் மறுநாளே மருமகனுக்கு. அப்படியிருக்க மாமன் குதிகாலில் உதை விழுந்தால் ஊர் என்ன நினைக்கும்? நான் என்ன நினைத்தேன் என்பதைத்தான் எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். மீன் புரட்டுகிற கம்பியோடு ஓடிப்போய் அவன் முகத்துக்கு நேரே நீட்டி, "அவசரமாடா உனக்கு? அவரு மூச்சு நிக்கிற வரைக்கும் பொறுக்க முடியலியா?" என்று கேட்டேன். பாம்பு என்றேன், என் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு என் புருஷன் காலையே கடித்த பாம்பு என்றேன். அவனோ, எசுமான், வலையை விட்டால் மீன் போய்விடும் என்று மற்றவர்களோடு சேர்ந்து இழுத்துக் கரையேற்றிவிட்டுத்தான் போனான்.

கடலுக்குப் போகாத செவ்வாய்க்கிழமை வலைக்காரர்கள் கூடினார்கள். அபாகா ஒரு ஆடும் இரண்டு புட்டி ஷ்னாப்ஸ் சாராயமும் வைத்து மாமன் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவரைக்கும் கயிற்றைத் தொடக் கூடாது என்று தீர்ப்பு. அவன் எழுந்து நின்று, "ஆடு என்ன, மாடே வெக்கிறேன். ஆனா செய்யாதத செஞ்சேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். என்ன திமிர் பார் என்று நான் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். இதற்குள் எலும்பு வைத்தியர் வந்து இரண்டு நாள் தழை வைத்துக் கட்டியும் அப்பாவால் அந்தக் கால் விரலை ஊன்றி எழும்ப முடியவில்லை, கணுக்கால் கறுத்து வீங்கிவிட்டது. புதன்கிழமை காலை யாரும் கூப்பிடாமலே அபாகா வந்தான். "அத்தே, தள்ளுங்க" என்றான், என்னைத் தாண்டிப் போய் அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டான், இவர் அவன் தலையில் குட்டுகிறார், "எறக்குடா, எறக்கி விடுடா துரோகி" என்கிறார், அவன் காதிலேயே வாங்காமல் வேன் நிற்கிற இடம் வரைக்கும் நடந்து போய் கேப் கோஸ்ட் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினான். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூடப் போனேன்.

அங்கே டாக்டர் அப்பாவைக் குப்புறப் படுக்க வைத்து ஆடுசதையை அமுக்கினார். நல்ல காலில் பாதம் அசைந்தது, இந்தக் காலில் அசையவே இல்லை. யாரும் உதைக்கவில்லை, குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி இருக்கிறதே அந்த நாண் உள்ளேயே அறுந்திருக்கிறது, அறும்போது பின்னால் நின்று யாரோ உதைத்த மாதிரிதான் எல்லோருக்கும் தோன்றும் என்றார். பிறகு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். நான் பையிலிருந்து, மாத்திரை அட்டை போட்டு வைத்திருந்த கோக்கோ டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினேன். மருந்துப் பிரிவிலிருந்து மிஸ் அமிசா என்று ஒரு பெண்ணை வரவழைத்தார்கள், உன் வயதுதான் இருக்கும், அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இத யாரு குடுத்தா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எம் மவன். ஜெர்மனியிலருந்து அனுப்பினான்" என்றேன். பெருமையாகச் சொன்னேனடா. அபாகா சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

உனக்குச் சிறுநீர் எரிச்சல் என்று அந்த ஊர் டாக்டர் ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்ததை மூன்று நாள் தின்றுவிட்டு, எரிச்சல் போனதும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை வீணாக்காமல் அப்பாவுக்கு ஆகும் என்று அனுப்பினாயே, அந்த அன்பை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெட்டியில் இடம் போதவில்லை என்று மாத்திரை டப்பாவையும் உள்ளே இருந்த தாளையும் தூக்கிப் போட்டுவிட்டு அட்டையை மட்டும் சட்டைப் பையில் செருகி வைத்து அனுப்பினாய். அந்தத் தாள் ஒரு மீன் செதில் கனம் இருக்குமா? மூன்று ஜோடி செருப்பு வைக்க இடமிருந்தது. "என்ன வியாதின்னாலும் கேக்கும்மா, இங்கத்து மருந்து" என்று போனில் சொன்னதும் நீதான். அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இடுப்பு வலிக்கு ஒன்று, ஜலதோஷத்துக்கு ஒன்று, வலை கனமாக வரும் என்று தோன்றினால் காலையில் தெம்புக்கு ஒன்று. அதையும் பால் ஊற்றின கோக்கோவோடு விழுங்குவார், பாலோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது என்று இப்போதுதான் தெரிகிறது. எண்ணி எண்ணி எடுத்துக் கொடுத்தது நான். அராபா வயிற்றுப்போக்குக்கு ஒன்று கேட்டபோது, அப்பாவுக்கு வேண்டும் என்று கையை மடக்கிக்கொண்டேன், என் கஞ்சத்தனம் அவளையாவது காப்பாற்றியது.

மிஸ் அமிசா என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. சிப்ரோஃப்ளாக்சசின் என்று வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னாள். "மருந்து கெட்டதில்லம்மா, சரியான நோய்க்கு, சரியான ஆளுக்கு, டாக்டர் பாத்துக் குடுத்தா உசுரக் காப்பாத்தும். ஆனா சில பேருக்கு இது நாண அறுத்துரும், அறுவது வயசு தாண்டினவங்களுக்கு பயம் கூட" என்றாள். பிறகு டப்பாவின் அடியில் கிடந்த சின்ன வெள்ளை மாத்திரையை எடுத்து, இது என்ன என்றாள். அது முட்டி வீக்கத்துக்குக் கடற்கரையில் தகரப் பெட்டியில் மாத்திரை விற்கிறவனிடம் அப்பா வாங்கித் தின்கிறது. அவள் இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என் முன்னால் நீட்டினாள். அந்த வீக்க மாத்திரையோடு இது சேர்ந்தால் ஆபத்து இன்னும் பல மடங்காம். இடுப்பு வலிக்கும் ஜலதோஷத்துக்கும் இதனால் காசளவு பிரயோஜனம் கிடையாதாம். கண்டபடி தின்றால் உடம்புக்குள் இருக்கிற கிருமி மருந்துக்குப் பழகிக்கொண்டு, நிஜமாக வேண்டிய நாளில் கேட்காமல் போகுமாம். "அந்தப் பெட்டியிலயே தாள் இருந்திருக்குமே, அதுல எழுதியிருக்குமே" என்றாள். தாள் வரவில்லை என்றேன். என் மகன் செருப்பு வைத்தான் என்று சொல்லவில்லை.

அப்பாவுக்குக் காலில் கட்டுப் போட்டிருக்கிறது, மாதக்கணக்கில் ஆகுமாம், மறுபடியும் கயிறு பிடிப்பாரா என்று கேட்டதற்கு டாக்டர் "பார்க்கலாம்" என்றார், அந்தப் பார்க்கலாமைக் கேட்டு அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை தாங்குகட்டையோடு கூட்டத்துக்குப் போய் எல்லோர் முன்னாலும் ஒரு புட்டி ஷ்னாப்ஸை அபாகா கையில் கொடுத்து, "ஒதைச்சது நீ இல்லடா, நான் முழுங்கின மாத்திரை. பெரிய மனுசன் நான், தப்பு சொல்லிட்டேன்" என்றார். அவர் அப்படி யாரிடமும் சொல்லி நான் பார்த்ததில்லை. நானும் எழுந்து பாம்பு என்று சொன்ன வாயை அடித்துக்கொண்டேன். வலைக்காரர்கள் சும்மா விடுவார்களா, அப்படி என்ன மாத்திரை, எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று குடைந்தார்கள். உன் அப்பா, பொய் சொன்னால் காது நுனி சிவக்கிற உன் அப்பா, "நானே டவுன்ல வாங்கினேன், யாரும் குடுக்கல" என்றார். அவருக்கு மகன் பெயர் கெடக் கூடாது. நான் அபாகாவைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதை அவன் கேட்டிருக்கிறான், உன் பெயரைச் சொன்னால் அவன் பட்ட அவமானமெல்லாம் வட்டியோடு தீர்ந்துவிடும். அவன் புட்டியைத் திறந்து முன்னோருக்கென்று மணலில் கொஞ்சம் ஊற்றிவிட்டு, "மாமா சொன்னா சரிதான்" என்று உட்கார்ந்துவிட்டான். கயிற்றின் முதல் இடத்தில் இன்றைக்கு வரைக்கும் அவன் நிற்கவில்லை, இரண்டாவது ஆளாகவே நிற்கிறான், முன்னால் ஒரு ஆள் இடம் காலியாகக் கிடக்கிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு படி. எரிச்சல் திரும்பி வந்துவிட்டது, பாதியில் நிறுத்தினாய் அல்லவா, வராமல் என்ன செய்யும். டாக்டரிடம் போக லீவு கிடைக்கவில்லை என்று கிடங்கில் உன்னோடு வேலை செய்கிறவனிடம் அவன் தின்று மீந்த இதே மாத்திரையை வாங்கி விழுங்குகிறாய், விழுங்க ஆரம்பித்த மூன்றாம் நாளிலிருந்து குதிகால் வலிக்கிறது, அராபாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாயாம். என்னிடம் "நின்னு நின்னு வலிக்குதும்மா, பெட்டி தூக்குற வேலை" என்றாய். நின்று நின்று வலித்தால் போன வருஷம் ஏன் வலிக்கவில்லை? உனக்கு முப்பத்தொன்று, உன் அப்பாவுக்கு அறுபத்து நாலு, அதனால் உனக்கு வராது என்று நினைக்கிறாயா? வயதானவர்களுக்கு அதிகம் என்றுதான் சொன்னாள், மற்றவர்களுக்கு வராது என்று சொல்லவில்லை, மாத்திரையை நிறுத்தி மாதங்கள் கழித்தும் வரலாம் என்றாள். மிஸ் அமிசாவிடம் உனக்காக மறுபடியும் வேன் ஏறிப் போய்க் கேட்டேன். அவள் சொன்னது இதுதான்: அடுத்த மாத்திரையை வாயில் போடாதே, அந்தக் காலுக்கு வேலை கொடுக்காதே, பெட்டி தூக்காதே, பந்து விளையாடாதே, இதைப் படித்த அன்றைக்கே டாக்டரைப் பார், குதிகாலையும் காட்டு, எரிச்சலையும் சொல், அந்த நண்பன் கொடுத்ததையும் மறைக்காமல் சொல். நிறுத்திவிட்டு வீட்டில் கிடக்கவும் கூடாது, அந்த நோய் சிறுநீரகத்துக்கு ஏறிவிடுமாம், வேறு மருந்து கொடுப்பார்கள், கொடுத்ததைச் சொன்ன நாள் வரைக்கும் தின்ன வேண்டும். மிச்சம் என்று ஒன்று எனக்கு வரக் கூடாது, யாருக்கும் போகக் கூடாது. டப்பாவில் இருந்ததையெல்லாம் நான் அவளிடமே கொடுத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருப்பது அந்த மருந்தின் தாள், அவளிடம் கெஞ்சி வாங்கினேன். ஏழாவது வரைக்கும் படித்தவள் நான், நாலு தரம் படித்தேன், புரியாத இடத்தை அராபாவிடம் கேட்டேன். சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிற இடத்தை மட்டுமாவது அட்ஜோவா எதிரிலேயே சத்தம் போட்டுப் படி. சுட்ட மீனும் ஷிட்டோ மிளகாய்த் தொக்கும் கொடுத்தனுப்பியிருக்கிறேன், டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடு, அதற்கு முன்னால் திறந்தால் காரத்தில் நாக்கு வெந்து போகட்டும். கால் சரியானதும் அபாகாவுக்கு ஒரு கடிதம் எழுது, என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

உன் குதிகால் வலி அப்பாவுக்குத் தெரியாது. அவர் தன் காலோடு அது முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தினமும் காலையில் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு "எசுமான் நல்லாயிருக்கானா?" என்று கேட்கிறார், "நல்லாயிருக்கான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, சீக்கிரம் அதை உண்மையாக்கிக் கொடு.

கடவுளும் நம் முன்னோரும் உன் இரண்டு கால்களையும் காக்கட்டும்.

கோபத்தோடும் அதைவிட அதிகமானதோடும்,
உன் அம்மா,
எக்குவா.