ஏழு மணிக்கு இரண்டு ரிங்

பவானிபூர், செப்டம்பர் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

கல்பனா எழுதுகிறேன். அப்பா, அம்மா சௌக்கியம். மும்பையில் மழை விட்டதா?

நாலு நாளாக ஏழு மணிக்கு ரிங் வரவில்லையே என்று நினைத்திருப்பாய். நான்தான் அடிக்கவில்லை.

அப்பா வேலை செய்யும் அரசாங்க டெலிபோன் கம்பெனியை உங்கள் கம்பெனி வாங்கியதும், ஊழியர்களுக்கெல்லாம் ஒரு பத்திரிகை கொடுத்தார்கள். அதில் டை கட்டிய உன் போட்டோ. 'குருபிரசாத், கட்டண நிர்ணயப் பிரிவு.' அப்பா பெருமையாக உரக்கப் படித்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

மீதியை நான் படித்தேன். "என் தங்கைக்குத் திக்குவாய். போனில் பேசமாட்டாள். தினமும் இரண்டு ரிங் அடித்து வைத்துவிடுவாள், 'நன்றாக இருக்கிறேன்' என்று அர்த்தம். இப்படித்தான் கோடிப் பேர் நம் லைனைச் சும்மா உபயோகிக்கிறார்கள்."

இனிமேல் எதிர்முனையில் போனை எடுத்தால் நிமிஷக் கட்டணம், எடுக்காமல் வெறும் ரிங் போனாலும் ஒரு ரூபாய். இது உன் யோசனையாமே?

கல்பனா

மும்பை, செப்டம்பர் 13

கல்பு,

உன் பெயரையா போட்டேன்? ஒரு உதாரணம், அவ்வளவுதான். எல்லாவற்றையும் சும்மா கொடுத்துக் கொடுத்துத்தான் அரசாங்கம் நஷ்டப்பட்டு விற்றது. ஒரு ரூபாய்க்கா இவ்வளவு கோபம்? நம் வீட்டு நம்பருக்கு ஊழியர் சலுகை வாங்கித் தருகிறேன். எத்தனை ரிங் வேண்டுமானாலும் அடி. துர்கா பூஜைக்கு வருகிறேன், புடவை என்ன கலர் வேண்டும்?

நீயும் கொஞ்சம் பேசப் பழகு. பதினேழு வயதாகிறது.

குரு

பவானிபூர், செப்டம்பர் 21

குருபிரசாத் அண்ணாவுக்கு,

பெயர் போடவில்லைதான். பட்டாபிராமனுக்கு ஒரே பெண் என்று அப்பாவின் ஆபீஸ் முழுக்கத் தெரியும். "பட்டாபி-தா, உங்க பொண்ணாலதான் நம்ம கம்பெனி முழுகிப் போச்சா?" என்று கேண்டீனில் கூட வேலை செய்யும் வங்காளிகள் கேட்டார்களாம். அப்பா இப்போது டிபன் டப்பாவைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவருகிறார்.

ஒன்பதாம் வகுப்பில் பாடம் வாசிக்க நின்று, முதல் எழுத்தையே தாண்ட முடியாமல் நான் தவித்தபோது வகுப்பே சிரித்தது. அன்றோடு பள்ளிக்கூடம் போகவில்லை. "பேச வேண்டாம்டி, ரெண்டு ரிங் அடி, எனக்குப் புரியும்" என்று சொன்னது நீ. அதைத்தான் விற்றிருக்கிறாய். சலுகை வேண்டாம். புடவையும் வேண்டாம். பூஜைக்கு வராதே.

நேற்று ஏழு மணிக்கு நீயே ரிங் அடித்தாய். ஒன்று, இரண்டு. நீ வைப்பதற்குள் எடுத்துவிட்டேன். எதிர்பார்க்கவில்லை, இல்லையா? "ஹலோ, கல்பு? ஹலோ?" என்றாய். ரிசீவரை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய் அரிசி களைந்தேன். ஆட்டோக்காரர்கள் சண்டை நன்றாகக் கேட்டிருக்கும். எடுத்தால் நிமிஷக் கட்டணம்.

இன்னொரு முறை அடி. அப்போதும் எடுப்பேன், பேசுவேன். நீ செய்தது என்ன என்று என் வாயால் சொல்வேன். முதல் சொல் வரவே எனக்கு எவ்வளவு நேரமாகும் என்று உனக்குத் தெரியும். முழுவதும் கேள்.

நடுவில் வைத்தாயானால் அதோடு சரி, எனக்கு அண்ணன் இல்லை.

கல்பனா